அந்தி நேரத்து அழுகை
அந்தி சாய்ந்ததும் முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீறிடுகின்ற என் பேத்தியை, முன்கையின்மீது குப்புறக் கிடத்தி, முதுகைத் தடவியவாறு கூடத்தில் உலாவுவதே இப்போது எனது நித்திய கருமம். தினம் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல் அழுவதே கைக்குழந்தைகளின் இவ்வழுகை உபாதையின் லட்சணமென்று 1954-இல் அமெரிக்க வைத்தியர் மாரிஸ் வெஸ்ஸல் வகுத்தார். காரணம் இன்றளவும் நிச்சயமாகவில்லை. ஆயினும் பிறந்த 6-ஆவது வாரமளவில் உச்சமடைந்து, 3, 4 மாதங்களில் பெரும்பாலும் தானே சாந்தமாகிவிடுகிறது. ஜுரமோ, பச்சை நிற வாந்தியோ கண்டால் மாத்திரம் க்ஷணமும் தாமதியாமல் வைத்தியரிடம் ஓட வேண்டும். அழுகையை நிறுத்த வசம்பு உரைத்துப் புகட்டுவது எனக்குச் சம்மதமில்லை. தன் பாலில்தான் தோஷமோ என்று கண்கலங்கும் மருமகளிடம், "உன்மேல் ஒரு குறையுமில்லை அம்மா, நீ போய்ச் சற்றுத் தூங்கு" என்று சொல்லிக் குழந்தையை வாங்கிக்கொள்கிறேன்.