உப்புக் கரையில் எஞ்சின் கொட்டில்

கற்பிட்டியிலும் ஆலங்குடாவிலும் உடப்பிலும் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கராஜ் என்பது பெரும்பாலும் வீட்டுச் சுவர் ஒன்றைப் பிடித்து இறக்கிய பத்திதான். மேலே தகரம், பக்கத்தில் கிடுகு, கீழே மணல் அல்லது கொஞ்சம் சீமெந்து. இரண்டு மரக்குற்றிகளுக்குக் குறுக்கே அடித்த தடித்த பலகையில் எஞ்சின் மாட்டியிருக்கும். பக்கத்து மேசையில் வைஸ். சுவரில் ஆணிகள், அவற்றில் அளவு வாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள். இந்தக் கொட்டில்களில் எது எதற்குப் பிறகு வாங்கப்பட்டது என்று விசாரித்தால் அநேகமாக ஒரே வரிசைதான் வருகிறது: முதலில் ஸ்பேனர் செட், பிறகு கிரைண்டர், கையில் காசு சேர்ந்தால் வெல்டிங் பிளான்ட், கொம்பிரசர். ஈரம் புகாத பெட்டி, நல்ல தண்ணீர் பீப்பாய், அளவு பார்க்கும் கருவிகள் ஆகிய மூன்றும் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கப்பட்டவை. இந்த வரிசை கண்டியிலோ குருநாகலிலோ சரியாக இருக்கலாம். புத்தளக் கரையில் அதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால்தான் கொட்டில் பிழைக்கும் என்பது என் கருத்து.

புத்தளம் உப்புக்குப் பேர்போன மாவட்டம். களப்போரத்திலும் பாலாவியிலும் உப்பளங்கள் இருப்பதற்குக் காரணம் நீண்ட வறட்சி, கடும் வெயில், ஓயாத காற்று. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் பட்டத்தில் தொங்கி அலைமேல் சறுக்கும் வெளிநாட்டுக்காரர்கள் கற்பிட்டிக்கு வருகிறார்கள். அதே காற்று, அலை உடையும்போது எழும் நுண்துளிகளைக் கரைக்குள் சுமந்து வருகிறது. துளி காய்ந்தபின் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் மிஞ்சும். காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 அளவைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். பகல் முழுக்கக் காய்ந்து கிடந்த படலம் இரவில் கரைசலாகி இரும்பைத் தின்கிறது. விடிந்து வெயிலேறினால் மறுபடி காய்கிறது. ஒரு சொட்டு மழை விழாத மாதத்திலும் ஸ்பேனர் துருவேறுவது இப்படித்தான். கூரை போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்ற நினைப்பு இங்கே பொருந்தாது. வெளியில் கிடக்கும் இரும்பின் உப்பை மழையாவது எப்போதாவது கழுவிவிடும். கூரைக்குக் கீழே கிடப்பதைக் கழுவ யாருமில்லை. சுவரில் வரிசையாகத் தொங்கும் ஸ்பேனர்கள் பார்க்க அழகு, எடுக்க வசதி, ஆனால் காற்றுக்கு முகம் காட்டி நிற்கிற மிக மோசமான இடம் அதுவே. ரப்பர் விளிம்புள்ள மூடியோடு ஒரு பெட்டி போதும். பழுதாகிப்போன பிரிட்ஜ் கிடைத்தால் இன்னும் நல்லது. அதன் கதவைப்போல் காற்றை அடைக்கும் அலுமாரியைக் காசு கொடுத்து வாங்குவது கஷ்டம். (வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அதற்குப் பூட்டுப் போடாமல் விடக்கூடாது.) வேலை முடிந்ததும் கருவியை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவை உருவி உள்ளே வைக்க வேண்டும். செலவு கிட்டத்தட்ட இல்லை என்பதாலேயே இதை யாரும் முதலீடாக மதிப்பதில்லை.

கருவிக்கு வரும் கேடு எஞ்சினுக்கும் வருகிறது. அங்கே விலை அதிகம். வெளியில் மாட்டும் எஞ்சினின் கால் அலுமினியம், அதைப் பிடித்திருக்கும் போல்ட் துருவேறா உருக்கு. இந்த இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் நின்றால் அலுமினியம்தான் கரையும். கரைந்து உண்டாகும் வெள்ளைப் பொடி, கரைந்த உலோகத்தைவிடக் கூடுதல் இடம் கேட்கும். அது மரைக்குள் உப்பிப் போல்டை இறுக்கிவிடும். பிறகு சூடு காட்டி, எண்ணெய் விட்டு, தட்டித் தட்டிக் கழற்றப் பார்த்தால் போல்டின் கழுத்து முறியும். முறிந்ததைத் துளைத்தெடுத்து, புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரை போட்டு முடிக்க ஒரு நாள் போய்விடும். துளை கோணினால் காலே போய்விடும். கொட்டிலில் நேரத்தைத் தின்னும் வேலைகளில் பெரும்பங்கு எஞ்சினின் உள்ளே இருக்கும் கோளாறல்ல, அதை எட்டுவதற்குத் தடையாக நிற்கும் போல்ட்தான். மரையில் கிறீஸ் தடவிப் பூட்டியிருந்தால், கடலால் வந்த எஞ்சினை நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் சில நிமிடம் ஓட்டியிருந்தால், இதில் பாதி வந்திருக்காது. குளிரூட்டும் வழிகளில் உப்புக் கட்டி அடைப்பதும் குறையும். பீப்பாயில் ஓட்டும்போது தண்ணீர் மட்டம் உறிஞ்சும் வாய்க்கு மேலே நிற்க வேண்டும். வறண்டு ஓடினால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

இதற்குக் கற்பிட்டிக் குடாநாட்டில் உடனே எழும் மறுப்பு: நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? நியாயமான கேள்விதான். இங்கே கிணற்றில் ஊறுவது மணலுக்கடியில் உவர்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படுகை. வெங்காயமும் மரக்கறியும் விளைவது அதே நீரில்தான்; கூடுதலாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். ஆனாலும் ஒரு பீப்பாய் நீர் தோட்டக்காரரின் இறைப்புக்கு முன்னால் ஒரு கணக்கே அல்ல. உண்மையான சிக்கல் வேறு. ஒரே பீப்பாய் நீரை மாற்றாமல் எஞ்சின் மேல் எஞ்சினாக ஓட்டினால், ஒவ்வொன்றும் கொண்டுவரும் உப்பு அதில் சேர்ந்து, கடைசியில் உப்புநீரால் உப்பைக் கழுவுவதில் வேலை முடியும். முதலில் ஒரு வாளி நீரை ஊற்றி வெளிப்புறத்தைக் கழுவிவிட்டுப் பீப்பாயில் இறக்கினால் நீர் நெடுநாள் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தகரக் கூரை நீரைப் பிடித்து வைப்பவர்களுக்குச் சில மாதங்களுக்குக் கவலையில்லை. கழித்த நீரில் டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் மிதக்கும். அதைக் கிணற்றருகே ஊற்றினால் மணல் அதை வடிகட்டாது, நேரே குடிநீருக்குள் இறக்கும். வீட்டோடு கராஜ் வைத்திருப்பவர் இதில் அலட்சியமாக இருந்தால் குடிக்கப்போவதும் அவர் வீட்டார்தான்.

அளவுக் கருவிகளுக்கு வருகிறேன். அவை ஏன் தேவை என்பது இங்கே ஓடும் எஞ்சினைப் பார்த்தால் புரியும். வள்ளங்களில் எஞ்சின் ஏறத் தொடங்கியது 1950களில். பிறகு ஃபைபர் படகு வந்தது. நோர்வே உதவியோடு காரைநகரில் எழுந்த சீநோர் நிறுவனம் அதில் முன்னோடி. இன்று இந்தக் கரையில் கண்ணில் அதிகம் படுவது சிறிய ஃபைபர் படகும் யமஹா மண்ணெண்ணெய் எஞ்சினும். மண்ணெண்ணெயின் ஒக்டேன் குறைவு என்பதால் இந்த எஞ்சின்களில் அமுக்கமும் குறைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாது. அதனால் பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, அணைக்குமுன் மறுபடி பெற்றோலுக்கு வரவேண்டும். இந்தக் கடைசிப் படியைத் தவிர்த்தால் கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாள் கயிறு இழுத்துக் கை சோரும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவும். கரி பிஸ்டன் ரிங்கின் பள்ளத்தில் ஒட்டி அதை அசையவிடாமல் பிடிக்கும். 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது, பெற்றோலோ கியூ.ஆர். அட்டைப் பங்கீட்டில். அப்போது தேய்ந்த ரிங்கோடு எரிபொருளைக் குடிக்கும் எஞ்சின் வெறும் பழுதல்ல, ஒவ்வொரு நாளும் கடலில் கொட்டும் காசு. ரிங் மாற்றினால் போதுமா, சிலிண்டரை 0.25 மில்லிமீற்றர் பெருக்கிக் குடைய வேண்டுமா என்பதை அப்போது சரியாக முடிவு செய்வதே மெக்கானிக்கின் முதல் வேலையாயிற்று. அதைச் சொல்ல ஃபீலர் கேஜும் கம்பிரஷன் கேஜும் வேண்டும். சிலிண்டரின் மேலும் கீழும் விட்டத்தை ஒப்பிட உள்விட்ட மைக்ரோமீற்றரும் இருந்தால் நல்லது. ஃபீலர் கேஜ் சட்டைப் பைக்குள் அடங்கும். நல்ல கிரைண்டர் ஒன்றின் விலையில் சிறுபங்குதான் அது.

அனுபவமுள்ள பாஸுக்கு இதெல்லாம் எதற்கு, சத்தத்தைக் கேட்டே சொல்லிவிடுவாரே என்பார்கள். சொல்லிவிடுவார், அதை நான் குறைத்துப் பேசவில்லை. மூடியைக் கழற்றாமலே எந்தச் சிலிண்டர் சோம்புகிறது என்று கண்டுபிடிக்கும் காதுகள் இந்தக் கரையில் உண்டு. ஆனால் காது சொல்வது கோளாறு இருக்கிறது என்பதை. இழுவைக் குறைவுக்கு ரிங் காரணமாகலாம், கிராங் சீல் காரணமாகலாம், கார்பரேட்டரில் ஒட்டிய அழுக்கும் காரணமாகலாம். வெளியே கேட்கும் சத்தம் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றே. கேஜில் அமுக்கம் நன்றாக இருந்தால் ரிங்கை விட்டுவிட்டு மற்ற இரண்டைத் தேடலாம். எஞ்சினைப் பிளக்கத் தேவையில்லை. இன்னொன்றும் உண்டு. அளந்த எண்ணைக் கொப்பியில் எழுதி வைக்க முடியும். அடுத்த பருவத்தில் அதே எஞ்சின் வரும்போது எவ்வளவு தேய்ந்தது என்பது தெரியும். படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியோடு காசு வாக்குவாதம் வந்தால் கொப்பியைக் காட்டலாம். பாஸின் காது அவரோடு போய்விடும்; எண்களை எழுதும் பழக்கத்தை உதவிக்கு நிற்கும் பொடியன் ஒரே பருவத்தில் பிடித்துக்கொள்வான்.

மலிவு விலையில் செட் கிடைக்கிறது, துருப்பிடித்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கலாமே என்ற வாதம் இதைவிடப் பலமானது. உப்புத்தாள், கம்பித் தூரிகை, அரம், கிரைண்டர் தட்டு போன்றவற்றில் அது சரியும்கூட. தேயவே செய்யப்பட்டவற்றுக்குக் காவல் தேவையில்லை. ஸ்பேனரிலும் சொக்கட்டிலும் சரியல்ல. வாய் அகன்ற ஸ்பேனரால் வரும் நட்டம் ஸ்பேனரின் விலையோடு நிற்பதில்லை. போல்டின் தலையை வட்டமாக்கி, மேலே சொன்ன முறிவு வேலைக்குள் கொண்டுபோய் விடும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது தூக்கிப் போட்டு வாங்கும் கணக்கு என்னவாயிற்று என்பதைக் கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக் கொட்டிலே வேண்டாம், கம்பனி சேவை நிலையத்துக்குக் கொண்டுபோகட்டும் என்பவர்கள் தூரத்தை மறக்கிறார்கள். கற்பிட்டியிலிருந்து புத்தளம் நகருக்கே நாற்பது கிலோமீற்றருக்கு மேல். உதிரிப்பாகம் பெரும்பாலும் கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் ஏறி வரவேண்டும். மீன் படும் பருவத்தில் எஞ்சின் மூன்று நாள் நின்றால் படகில் போகிற எல்லோருடைய வீட்டிலும் வருமானம் நிற்கும். ஆனாலும் சிலிண்டர் குடைவதும் கிராங் கழற்றிப் பூட்டுவதும் லேத்தும் பிரஸ்ஸும் கேட்கும் வேலைகள். அவற்றைப் பத்திக்குள் திணிக்க வேண்டியதில்லை. எதை எப்போது நகரத்துக்கு அனுப்புவது என்பதை அளவு சொல்லும். தென்மேற்குக் காற்றில் மேற்குக் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையேறும் மாதங்கள் அதற்கு வாய்ப்பானவை. அந்த மாதங்களில் கையில் காசு இருக்காது என்பது மட்டும்தான் தடை, அது சிறிய தடையல்ல.

ஃபைபர் படகின் உடலைப் பழுதுபார்க்கும் வேலையில் மட்டும் என் வரிசைக்கு ஒரு எல்லை உண்டு. அங்கேயும் முதல் தேவை நல்ல தண்ணீர்தான்: உப்புப் படிந்த உடலைக் கழுவாமல் சுரண்டி மேட் ஒட்டினால் ஒட்டுக்கும் உடலுக்கும் நடுவே உப்பு நின்று ஈரத்தை இழுக்கும், ஒட்டு சில மாதத்தில் உரியும். ஆனால் ரெசினையும் கட்டலிஸ்டையும் சமையலறைச் சுவருக்குப் பக்கத்தில் வைப்பதை எந்தப் பெட்டியும் பாதுகாப்பாக்காது. எடைக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ சேர்க்கும் கட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வை போகலாம்; உடனே ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டும். ரெசின் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டோடு கட்டலிஸ்டை நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் கூடும். ஸ்டைரீன் ஆவி தலையைச் சுற்றவைக்கும். ஆகவே எஞ்சின் பத்தியில் இருக்கலாம்; ஃபைபர் வேலை படகு நிற்கும் கரையிலேயே, தென்னைக்குக் கீழே, வீட்டுக்குக் காற்றுப்புறமாக இல்லாத இடத்தில் நடக்க வேண்டும். கட்டலிஸ்ட் போத்தலையும் கோபால்ட் போத்தலையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.