பீரங்கியின் தீனி

சிறுவயதில் ஒருநாள் ஊர்காவற்றுறைத் துறையில் நின்று, காரைநகர்ப் பக்கமாய்க் கடல் நடுவே தெரியும் கடற்கோட்டையைக் காட்டி, "அங்கே எவ்வளவு பெரிய பீரங்கிகள் இருந்திருக்கும், அப்பு?" என்று என் பாட்டனாரைக் கேட்டேன்.

"பெரிதாய் இருந்தென்ன தம்பி? அதன் வாய்க்குப் பொருந்தும் குண்டு கையில் இருக்கவேண்டுமே!" என்றார்.

அது எத்துணை உண்மை! அந்நாளில் பீரங்கிக்குப் பெயரே அது எறியும் குண்டின் எடைதான். 12 இறாத்தல் பீரங்கியில் 9 இறாத்தல் குண்டு தளர்ந்து வலுவிழக்கும். 18 இறாத்தல் குண்டோ உள்ளே நுழையாது. நம் கமக்காரர் அறிந்த '12 போர்' துப்பாக்கியும், ஓர் இறாத்தல் ஈயத்தில் 12 உருண்டை என்னும் கணக்கால் பெயர் பெற்றதே. கடல் சூழ்ந்த கோட்டையில் அளவு தவறிய குண்டு மலையாய்க் குவிந்திருந்தாலும் பயனென்ன?

ஆயினும் 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது, போர்த்துக்கேயர் அக்கோட்டையைக் கையளித்தது குடிநீர் இன்மையால்! சுற்றிலும் நீர், நாவை நனைக்க வழியில்லை.

2022இல் சமையல் எரிவாயு அருகியபோது இக்கதை என் நினைவுக்கு வந்தது. வீட்டில் பளபளக்கும் அடுப்பு இருந்தது. அதற்குத் தீனி இல்லை. மூலையில் கிடந்த விறகடுப்பே சோறு தந்தது.

அன்றுமுதல் கைவிளக்கு வாங்கினாலும், அதற்குரிய பற்றரி எங்கள் தீவுக் கடையில் கிடைக்குமா என்றே முதலில் கேட்கிறேன். கருவி எதுவாயினும், அதன் தீனியைப் பார்த்தே தேர்வதுதான் அறிவுடைமை.