பூனைக்கு வீட்டிலேயே இன்சுலின்

சர்க்கரை நோய் வந்த பூனைக்குப் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் போட வேண்டும். பூந்தமல்லியிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தினமும் இருவேளை தூக்கிக்கொண்டு அலைய முடியாது. வீட்டில்தான் போட்டாக வேண்டும். அளவை மருத்துவர் சொல்வார். மருந்துக் கடையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டியது சிரிஞ்சைத்தான். இந்தியாவில் மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகை இன்சுலின் விற்கிறது. சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. மாற்றி, 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடியில் ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போகும், உயிருக்கே ஆபத்து.

பூனை சாப்பிட்டதும், விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடியில் ஊசியை நுழைக்க வேண்டும். முடி ஈரமானால் மருந்து வெளியே சிந்திவிட்டது என்று பொருள். மறுபடி போடவே கூடாது. பூனை தள்ளாடினால் ஈறில் தேன் தடவி, உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும்.