கொட்டகைத் தரை

அண்ணன் மறைந்தபின் காமயகவுண்டன்பட்டி வீட்டிலிருந்த டிராக்டரை விற்றோம். அது நின்ற கொட்டகையில் தையல் எந்திரம் போட மதினி விரும்பினார். 15 ஆண்டு எண்ணெய் ஊறிய சிமெண்டுத் தரை. துடைப்பமும் நீரும் போதுமென எண்ணிச் சிவப்பு வண்ணம் பூசினேன். ஒரே மாதத்தில் அது பன்னீர் திராட்சைத் தோல்போல் கழன்று வந்தது.

சிமெண்டின் நுண்துளைகளில் எண்ணெய் உள்ளவரை எந்த வண்ணமும் பற்றாது. ஆசிட் ஊற்றச் சொன்னவர்களும் உண்டு. அது சிமெண்டை அரிக்குமேயன்றி எண்ணெயை அகற்றாது. மரத்தூள் பரப்பி ஓரிரவு விட்டேன். பின்பு சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, முழந்தாளிட்டுத் தேய்த்தேன். கழுவி உலர்ந்த தரையில் நீர் தெளித்துப் பார்க்க வேண்டும். உள்ளே இறங்கினால் தரை தூய்மை. எனக்கோ மூன்று முறையும் முத்து முத்தாக மேலேயே நின்றது.

அந்தக் கறையின்மேல் சாக்கு விரித்துத்தான் அண்ணன் வண்டிக்கடியில் படுத்துப் பழுது பார்ப்பார். தோட்டப் பங்கீட்டில் மனத்தாங்கலாகி 4 ஆண்டுகள் நாங்கள் பேசவில்லை. ஒருநாள் அடியிலிருந்தபடியே, ஸ்பேனரை எடுத்துத் தரும்படி என்னை அழைத்தார். கேளாதவன்போல் கடந்து போனேன்.

நான்காம் முறை நீர் இறங்கியது. நன்கு உலரவிட்டு எபாக்சி வண்ணம் பூசினேன். வாசலில் நின்று பார்த்த மதினி, “அவுக இருந்தா இந்நேரம் செருப்போட உள்ள வந்திருப்பாக, தம்பி” என்றார். நான் தூரிகையைக் கழுவப் போனேன்.