பெண்டைன் மணலில்

வேல்ஸ் தேசத்துச் சாலைகளில் பிரயாணம் செய்கிறவர்கள் முதன்முதலில் கற்றுக்கொள்ளும் சொல் 'அராவ்' என்பது. வளைவு வரும் இடங்களிலெல்லாம் சாலையின் மேலேயே வெள்ளைச் சாயத்தால் பெரிய எழுத்துக்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். 'மெதுவாகப் போ' என்று அர்த்தம். கார்மார்தன் நகரில் ரெயிலை விட்டு இறங்கிப் பெண்டைன் கிராமத்துக்குப் பஸ் ஏறிய நாம், வழி நெடுக இந்த உபதேசத்தைப் படித்துக்கொண்டே போனோம். உலகத்திலேயே அதிவேகமாக மோட்டார் ஓடிய இடத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இது நல்ல வரவேற்புத்தான்!

பஸ் லார்ன் என்ற சிற்றூர் வழியாகச் செல்கிறது. கவி டிலன் தாமஸ் வாழ்ந்ததும் அடக்கமாகியிருப்பதும் அவ்வூரில். அங்கே இறங்குகிறவர்களே அதிகம். பெண்டைனுக்கு நம்மோடு மிஞ்சியவர்கள் நாலைந்து பேர். தங்களுக்குள் அவர்கள் வேல்ஸ் பாஷையில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பாஷையில் இக்கிராமத்தின் பெயர் 'பென்டவின்'. பலகைகளில் இரண்டு பெயரும் இருக்கின்றன. பெரிய சாம்ராஜ்யத்தின் பாஷைக்கு அடுத்த வீட்டிலேயே இருந்துகொண்டு, தங்கள் தாய்மொழியை விடாமல் காத்துவரும் ஜனங்களிடம் நமக்கு ஒரு தனி மரியாதை உண்டாயிற்று.

கிராமம் மிகச் சிறியது. ஒரு புறம் குன்று. சில வீடுகள், ஹோட்டல், ஐஸ்கிரீம் கடை. மறுபுறம் கடல். நாம் போய்ச் சேர்ந்தபோது கடலைக் காணவே இல்லை! கண்ணுக்கு எட்டிய தூரம் ஈர மணல். அதற்கும் அப்பால் ஒரு வெள்ளிக் கோடு. அந்தக் கோடுதான் சமுத்திரம் என்று சொன்னார்கள். பிரிஸ்டல் கால்வாயை ஒட்டிய இந்தக் கடலோரங்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. நீர் வடிந்து போனதும், ஏழு மைல் நீளத்துக்கு மணல் தட்டையாக விரிந்து கிடக்கிறது. நம் ஊர்க் கடற்கரைகளில் கால் புதையுமே, அப்படி இங்கே புதைவதில்லை. சிமெண்டுத் தளத்தில் நடப்பது போல் இருந்தது. குதிகாலால் அழுத்திப் பார்த்தோம்; லேசான தடம்தான் விழுந்தது.

இந்த உறுதிக்காகத்தான் மோட்டார்க்காரர்கள் இங்கே வந்தார்கள். அவர்கள் காலத்தில், அவ்வளவு வேகத்தில் வண்டி ஓட்டுவதற்கு ஏற்ற நேரான சாலை அந்த நாட்டில் எங்கும் கிடையாது. லண்டனுக்கு அருகே புரூக்லண்ட்ஸில் 1907-ல் கட்டிய பந்தயப் பாதை ஒன்று இருந்தது. ஆனால் அது வட்டப் பாதை. மணிக்கு நூற்றைம்பது மைல் என்று கனவு காண்பவர்களுக்கு நேர்கோடு வேண்டியிருந்தது. அலை தினம் இரண்டு தடவை இலவசமாக மெழுகிக் கொடுக்கும் நேர்கோடு இது.

வேகப் பரீக்ஷையின் சட்டத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை பாய்ந்து ஓடிக் காட்டினால் போதாது. அளந்து வைத்த ஒரு மைலையோ கிலோமீட்டரையோ போகும்போதும் திரும்பி வரும்போதும், குறித்த அவகாசத்துக்குள் கடந்தாக வேண்டும். இரண்டின் சராசரிதான் கணக்கு. காற்று ஒரு புறம் தள்ளினால் மறுபுறம் தடுக்கும் அல்லவா? அதற்காக ஏற்பட்ட நியாயமான விதி.

1898-ல் பிரான்ஸில் இந்தக் கணக்கு ஆரம்பித்தபோது, முதல் வீரர் ஓட்டியது மணிக்கு சுமார் 39 மைல். அடுத்த ஆண்டே ஜெனாட்ஸி என்ற பெல்ஜியர் நூறு கிலோமீட்டரைத் தாண்டினார். இவ்விருவரும் ஓட்டியவை மின்சார வண்டிகள் என்பதை, மின்சார மோட்டாரை நேற்றுப் பிறந்த அதிசயம் என்று எண்ணுகிறவர்கள் கவனிப்பார்களாக.

பெண்டைனுக்கு வேகத்தைக் கொண்டு வந்தவர் மால்கம் காம்ப்பெல். மேட்டர்லிங்க் எழுதிய 'நீலப் பறவை' என்ற நாடகத்தைப் பார்த்து மயங்கி, தம் கார்களுக்கெல்லாம் நீல வர்ணம் பூசி அந்தப் பெயரையே வைத்தவர். 1924-ம் வருஷம் அவர் டென்மார்க்கில் பானோ என்னும் தீவின் கடற்கரையில் ஓடிப் பார்த்தார். காரின் டயர் ஒன்று கழன்று, கூட்டத்தில் பாய்ந்து, ஒரு சிறுவனைக் கொன்றது. வேகத்தின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் இந்தச் சிறுவனை ஒரு வரியில் கடந்து போய்விடுகிறார்கள். நாமும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் மனம் கூசுகிறது.

அதே வருஷம் செப்டம்பர் 25-ந் தேதி, இந்த மணலில் காம்ப்பெல் மணிக்கு 146 மைல் ஓடினார். மறு வருஷம் ஜூலையில் 150 மைலைத் தாண்டினார். தரையில் அந்த எல்லையைக் கடந்த முதல் மனிதர் அவரே. 1924 முதல் 1927 வரை ஐந்து முறை உலகத்தின் வேகக் கணக்கு இந்தக் கிராமத்தில் திருத்தி எழுதப்பட்டது.

அந்த ஐந்தில் இரண்டு, பாரி தாமஸ் என்பவருடையவை. அவரைப் பற்றித்தான் நாம் அதிகமாகச் சொல்ல விரும்புகிறோம். வேல்ஸ் தேசத்தின் வட பகுதியில் ரெக்ஸம் நகரில் 1885-ல் பிறந்தவர், பாதிரியாரின் மகன். லேலண்ட் மோட்டார்க் கம்பெனியில் பிரதம என்ஜினீயராக இருந்தவர். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு, புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையின் ஓரத்திலேயே ஒரு வீட்டில் தங்கி, காரை ஓட்டுவதும் அக்குவேறாகக் கழற்றிப் பூட்டுவதுமாகக் காலம் கழித்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காம்ப்பெல்லிடம் பணம் இருந்தது. தாமஸிடம் யந்திர ஞானம் இருந்தது. 

அவர் பெண்டைனுக்குக் கொண்டு வந்த கார் புதியதல்ல. சபோராவ்ஸ்கி பிரபு என்ற செல்வந்தர் கட்டுவித்தது. அவர் 1924-ல் மோன்ஸா பந்தயத்தில் இறந்து போனார். அந்தக் காரைத் தாமஸ் 125 பவுனுக்கு வாங்கினார். அதிலிருந்தது ஆகாய விமானத்துக்காக அமெரிக்காவில் செய்த லிபர்ட்டி என்ஜின், பன்னிரண்டு சிலிண்டர், 27 லிட்டர் கொள்ளளவு. நம் வீட்டுக் கார்களில் இருபதைச் சேர்த்துக் கட்டினாற்போல் என்று வைத்துக்கொள்ளலாம். என்ஜினின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டு போவது, சைக்கிளில் இருப்பது போன்ற சங்கிலிகள். அவை ஓட்டுகிறவருக்கு வெகு அருகில் சுழன்றன. இந்தப் பூதத்துக்குத் தாமஸ் 'பாப்ஸ்' என்று குழந்தையைக் கூப்பிடுவது போல் பெயர் வைத்தார்.

1926 ஏப்ரல் 27-ந் தேதி பாப்ஸ் மணிக்கு 169 மைல் ஓடிற்று. மறுநாள் 171. ஒரு மைலை இருபத்தோரு விநாடியில் கடக்கும் வேகம் அது. பெண்டைன் மணல் முழுவதும் அந்த வேகத்துக்கு இரண்டரை நிமிஷம் கூடக் காணாது. 1927 பிப்ரவரியில் காம்ப்பெல் புதிய நீலப் பறவையுடன் வந்து 174 மைல் ஓடித் தாமஸை முந்தினார்.

ஒரு மாதந்தான் சென்றது. மார்ச் 3-ந் தேதி தாமஸ் மறுபடியும் பாப்ஸுடன் மணலில் இறங்கினார். ஓட்டத்தின் நடுவே கார் நிலை தவறிப் புரண்டு, மணலில் சறுக்கிக்கொண்டு போய் நின்றது. உதவிக்கு ஓடியவர்கள் போய்ச் சேரும்போது தாமஸ் உயிருடன் இல்லை. தலையில் பட்ட காயம். வேக சாதனைக்கான முயற்சியில் காரை ஓட்டும்போதே மாண்டவர்களில் அவர் முதல்வர். வயது 41. வலப்புறச் சங்கிலி அறுந்து அடித்தது என்று அன்று சொன்னார்கள். பின்சக்கரம் முதலில் சிதைந்திருக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் சிலர் வாதித்தார்கள். விவகாரம் இன்னும் தீரவில்லை.

புரூக்லண்ட்ஸுக்குப் பக்கத்தில் பைப்ளீட் மாதாகோயிலில் தாமஸை அடக்கம் செய்தார்கள். அவருடைய காரை என்ன செய்தார்கள் தெரியுமா? இதே கடற்கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டார்கள்! ஆசனத்தைக் கிழித்து, கண்ணாடி முகமுள்ள கருவிகளை உடைத்து, பிறகு மண்ணைப் போட்டு மூடினார்கள் என்று கூறுகிறார்கள். எஜமானைக் கொன்ற குதிரையை மறுபடி ஒருவன் ஏறக்கூடாது என்ற எண்ணமாக இருக்கலாம்.

தாமஸ் இறந்த இருபத்தாறாம் நாள், ஹென்றி ஸீக்ரேவ் அமெரிக்காவில் டேடோனா கடற்கரையில் 203 மைல் ஓடினார். டேடோனாவின் மணல் இருபது மைலுக்கு மேல் நீளமுள்ளது. ஓடத் தொடங்கவும், ஓடி முடித்து நிற்கவும் இடம் வேண்டுமே; பெண்டைனின் ஏழு மைல் இனி எப்படிப் போதும்? காம்ப்பெல்லும் கப்பலேறி அங்கே போனார். பிறகு அதுவும் போதாமல் யூட்டா மாகாணத்தின் உப்புப் பாலைக்குப் போய், 1935-ல் 301 மைல் ஓடினார். ஸீக்ரேவ் 1930-ல் விண்டர்மியர் ஏரியில் படகு கவிழ்ந்து இறந்தார். காம்ப்பெல் 1948-ல் நோயுற்று இறந்தார். அவருடைய மகன் டொனால்டையோ 1967-ல் கோனிஸ்டன் ஏரி கொண்டு போயிற்று. 1997-ல் ஆண்டி கிரீன் நெவாடாப் பாலைவனத்தில் ஜெட் யந்திரங்கள் பூட்டிய வண்டியில் 763 மைல் ஓடி, தரையிலே ஒலியின் வேகத்தைத் தாண்டினார். அது சக்கரம் வைத்த பாணம். அதைக் கார் என்று சொல்ல நமக்கு நாக்கு வரவில்லை.

பெண்டைனை உலகம் உடனே மறந்துவிடவில்லை. 1927 நவம்பரில் இத்தாலியரான போரெஸ்டி, எகிப்திய இளவரசர் ஒருவருக்காகக் கட்டிய ஜெல்மோ காரை இங்கே ஓட்டிக் கவிழ்த்துவிட்டு, அதிசயமாக உயிர் தப்பினார். 1933 ஜூலையில் ஏமி ஜான்ஸனும் அவர் கணவர் மாலிஸனும் இந்த மணலிலிருந்துதான் நியூயார்க்கை நோக்கி விமானத்தில் கிளம்பினார்கள். யுத்த காலத்தில் ராணுவத்தார் பீரங்கிப் பரீக்ஷைக்காகக் கடற்கரையை எடுத்துக்கொண்டார்கள். வெடிக்காத குண்டுகள் கிடக்கக்கூடும் என்று எச்சரிக்கும் பலகைகளை நாமும் பார்த்தோம்.

அந்த ராணுவ எல்லைக்குள்ளேதான் பாப்ஸ் நாற்பத்திரண்டு வருஷம் கிடந்தது. பாங்கர் நகரில் யந்திரவியல் போதித்த ஓவன் வின் ஓவன் என்பவர், அதைத் தோண்டி எடுக்க அனுமதி கேட்டார். ஆட்சேபங்கள் எழுந்தன. சமாதியைத் தோண்டுவது தகுமா என்றார்கள். கடைசியில் 1969-ல் தோண்டினார்கள். வெளி வந்தது துருப்பிடித்த எலும்புக்கூடு. சுமார் பதினைந்து வருஷம் உழைத்து ஓவன் அதற்கு உயிர் கொடுத்தார். என்ஜின் மறுபடியும் உறுமிற்று.

தோண்டியது சரியா? ஊரிலே வேகக் காட்சிசாலை ஒன்று இருக்கிறது. அதற்குள் போகும் வரையில் 'சரியல்ல' என்பதே நம் அபிப்பிராயமாக இருந்தது. இறந்தவரின் பொருளை மண்ணுக்குக் கொடுத்த பிறகு மண்ணிடமே விடுவதுதானே மரியாதை? ஆனால் பாப்ஸின் அருகே நின்று, அந்த நீண்ட மூக்கையும், ஒரு மனிதன் ஒடுங்கி உட்காரும் அந்தச் சிறு ஆசனத்தையும் பார்த்ததும் நம் உறுதி தளர்ந்தது. மணலுக்கடியில் இருந்திருந்தால் அது கொலைகாரக் காராகவே இருந்திருக்கும். இங்கேயோ, அதன் ஒவ்வோர் ஆணியிலும் தாமஸ் என்ற என்ஜினீயரின் யோசனை தெரிகிறது. காட்சிசாலையில் நமக்கு முன்னால் ஒரு தகப்பனார் தம் பெண்ணுக்குச் சங்கிலியைச் சுட்டிக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். பத்து வயது இருக்கும். "ஏன் அதை மூடி வைக்கவில்லை?" என்று அவள் கேட்டாள். தகப்பனாருக்குப் பதில் தெரியவில்லை.

வெளியே வந்தபோது அலை ஏறிக்கொண்டிருந்தது. 2015-ல் இத்ரிஸ் எல்பா என்ற நடிகர் இங்கே 180 மைல் ஓட்டினார். கடையில் விலைக்கு வாங்கக்கூடிய பென்ட்லி காரில். தாமஸ் எட்டாமற்போன காம்ப்பெல்லின் 174 மைல், பணமிருந்தால் இன்று யாருக்கும் எட்டும் என்று ஐஸ்கிரீம் கடைக்காரர் சொல்லிச் சிரித்தார்.

நாம் திரும்ப வேண்டிய பஸ் இருபது நிமிஷம் தாமதமாக வந்தது. ஏறி உட்கார்ந்தோம். குன்றின் வளைவில் 'அராவ்' என்று எழுதியிருந்த இடத்தில், ஓட்டுகிறவர் வேகத்தை நன்றாகக் குறைத்தார்.