ஏழு நாளும் கடலைப் பார்த்துக்கொண்டு

"மெக்சிகோவுக்குப் போய் வந்தீங்களாமே சேர், என்ன பார்த்தீங்க?"

ஜனவரியில் பாடசாலை தொடங்கிய நாளிலிருந்து எங்கள் இருவரிடமும் கேட்கப்படும் கேள்வி இது. பள்ளிவாசல் படியிலும் கேட்கிறார்கள், மீன் சந்தையிலும் கேட்கிறார்கள். பிரமிட்டுக்குப் போனீர்களா, கன்கூனில் பெரிய ஹோட்டலிலா தங்கினீர்கள் என்று. உண்மையைச் சொன்னால் ஒன்றும் பார்க்கவில்லை. ஒரு சின்ன மீன்பிடிக் கிராமத்தில் ஏழு நாளும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தோம். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி முடியாது என்பதால் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் செலவுக் கணக்கு. அதைத்தான் எல்லோரும் மனதுக்குள் கேட்கிறீர்கள் என்று தெரியும். இரண்டு ஆசிரியர் சம்பளத்தைச் சேர்த்தாலும் மெக்சிகோ போக முடியாது. மகளும் மருமகனும் ரொறன்ரோவில் இருக்கிறார்கள். பேரனைப் பார்க்க டிசம்பர் விடுமுறையில் போனோம். அங்கே குளிர் கதவைத் திறக்க விடாது. அந்தக் குளிருக்குத் தப்பி கனடாக்காரர்கள் மெக்சிகோவுக்குப் போவது, நம்மவர்கள் வெயிலுக்குத் தப்பி நுவரெலியாவுக்குப் போவது மாதிரித்தான். விமானத்தில் நான்கு மணித்தியாலம். கனடா விசா கையில் இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. மருமகன் எல்லாவற்றையும் பதிவு செய்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னார். கடற்கரை என்று கேட்டதும் மனைவி சொன்ன முதல் வார்த்தை: "நான் வரல்ல மகன். நீங்க போய்ட்டு வாங்க."

ஏன் என்று சாய்ந்தமருதுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வரி: 2004 டிசம்பர் 26 அன்று மனைவியின் உம்மாவையும் தங்கையின் மகனையும் இழந்தோம். அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கடலில் கால் நனைத்ததில்லை. வீட்டையும் உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டோம். அப்போது ஏழு வயதாக இருந்த மகள், கடல் சத்தம் கேட்கும் ஊரில் நீந்தத் தெரியாமலே வளர்ந்து, கல்யாணம் முடித்துப் போனாள்.

சரி, அந்த ஊருக்கு வருவோம்.

பெயர் புவெர்ட்டோ மொரேலோஸ். மெக்சிகோவின் கிழக்கு ஓரம், கிந்தானா ரோ மாநிலம், கரீபியன் கடல். கன்கூனுக்குத் தெற்கே சுமார் 35 கிலோமீற்றர். கன்கூன் என்பது 1970களில் அரசாங்கம் திட்டம் போட்டுக் கட்டிய சுற்றுலா நகரம், அதற்கு முன் அங்கே சொல்லும்படியாக ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் மொரேலோஸ் பழைய துறைமுகம். சப்படில்லா மரத்தின் பாலில் இருந்து எடுக்கும் சூயிங்கம் பிசினையும் மரத்தையும் கப்பலேற்றிய இடம். இன்று கன்கூனிலிருந்து தெற்கே போகும் பெருந்தெருவின் இரு பக்கமும் ஹோட்டல் வாசல்கள்தான். இந்த ஊர் மட்டும் எப்படித் தப்பியது என்று போன அன்றே கண்ணில் பட்டது. தெருவுக்கும் ஊருக்கும் இடையில் சுமார் இரண்டு கிலோமீற்றர் கண்டல் காடு. முதலையும் உண்டாம். முன்னால் கடலுக்குள் முருகைக்கற்பாறை. இரண்டுக்கும் நடுவே நாலைந்து தெருக்கள், ஒரு சதுக்கம், ஒரு இறங்குதுறை.

அந்தச் சதுக்கம் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. பின்னேரமானால் ஊரே அங்கேதான். பிள்ளைகள் பந்து அடிக்கிறார்கள், பெரியவர்கள் சிமெந்து வாங்கில் இருந்து கதைக்கிறார்கள், தள்ளுவண்டியில் அன்னாசி, பப்பாளி, வெள்ளரி வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தேசிக்காய்ப் புளியும் போட்டுத் தருகிறார்கள். நம்ம ஊர்க் கடற்கரையில் விற்பது போலவே. அபாயாவும் முக்காடுமாக நின்ற மனைவியிடம் பழக்காரப் பெண் ஏதோ மரியாதையாகக் கேட்டார். மருமகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்: "மாமி, நீங்க கன்னியாஸ்திரியான்னு கேக்கிறாங்க." பக்கத்தில் நின்ற பேரனைக் காட்டி, இல்லை, இது என் மகளின் பிள்ளை என்றதும் அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு. பழம் ஒரு துண்டு கூடுதலாகக் கிடைத்தது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: மீன் இருக்கும் ஊரில் நமக்கு என்ன குறை? அவித்த பயற்றங் கறி மாதிரி ஒன்று எல்லாத் தட்டிலும் வருகிறது, அதில் மட்டும் கவனம். பன்றிக் கொழுப்பில் தாளிக்கும் வழக்கம் உண்டு. "மந்தேக்கா" என்றால் அந்தக் கொழுப்பு. "சின் மந்தேக்கா" என்ற இரண்டு சொல்லைப் பாடமாக்கிக்கொண்டோம். கோதுமை ரொட்டியிலும் அது இருக்கலாம் என்பதால் சோள ரொட்டியோடு நின்றுகொண்டோம். சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து அரைத்துச் சுடுகிறார்கள். அங்கத்தைய மாயா மக்களின் சமையல் ஒன்று, "டிக்கின் ஷிக்". மீனை இரண்டாகப் பிளந்து, சிவப்பு விதை அரைத்த மசாலாவும் புளித்தோடம்பழச் சாறும் தடவி, வாழை இலையில் சுற்றித் தணலில் போடுவது. முதல் வாயில் மனைவி சொன்னது, "உப்புக் கொஞ்சம் காணா." அது எங்கள் வீட்டில் மிகப் பெரிய பாராட்டு.

மொழியிலும் ஒரு வேடிக்கை. பேக்கரியில் மருமகன் வருவதற்குள் மனைவி கண்ணாடிப் பெட்டியைக் காட்டி "பான்" என்றார். கடைக்காரி உடனே எடுத்துத் தந்தார்! ஸ்பானிய மொழியிலும் பான் என்றால் பான்தான். நமக்குப் போர்த்துக்கேயர் தந்த சொல், இவர்களுடையது அதன் சகோதர மொழி. மேசைக்கு மேசா, சப்பாத்துக்கு சபாத்தோ, கமிசைக்கு கமிசா. அரபு படித்தவர்களுக்கு இன்னொரு கதவு திறக்கும். சீனிக்கு அசூக்கர், எண்ணெய்க்கு அசெய்த்தே, அரிசிக்கு அரோஸ். ஸ்பெயினை முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் ஒட்டிக்கொண்டவை. "ஒஹலா" என்றொரு சொல்லை அடிக்கடி கேட்டோம். நடக்க வேண்டும் என்று ஆசைப்படும் எதற்கும் முன்னால் போடுகிறார்கள். அதன் வேர், அல்லாஹ் நாடினால் என்பது. சொல்கிறவர்களில் அதிகம் பேருக்கு அது தெரிந்திருக்குமா என்பது வேறு கதை.

முதல் மூன்று நாளும் மனைவி சதுக்கத்தைத் தாண்டி மணலுக்கு இறங்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. தங்கியிருந்த வீட்டின் விறாந்தையில் வலையால் பின்னிய ஊஞ்சல் ஒன்று கட்டியிருந்தது, "அமாக்கா" என்கிறார்கள். அதில் படுத்தால் எழும்ப மனம் வராது. கூழைக்கடாக்கள் இறங்குதுறைக் கட்டைகளில் வரிசையாக உட்கார்ந்து, மீன் கழுவுகிறவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நாங்கள். இதுதான் எங்கள் சுற்றுலா.

ஒன்று மட்டும் நாங்கள் எதிர்பாராதது. தொழுகைக்குத் திசை பார்த்தால், கைபேசி கடலைக் காட்டியது. திரும்பவும் பார்த்தோம், வடகிழக்கு. அதாவது நேரே கடலை முன்னோக்கி. நம் ஊரில் கடல் கிழக்கே, கிப்லா மேற்கே. கடற்கரையில் நின்று தொழுதாலும் கடல் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். அதுவும் கிழக்குக் கரைதான், நம்மைப் போலவே சூரியன் கடலிலிருந்துதான் எழும்பும். ஆனால் சுபஹ் தொழ விறாந்தையில் நின்றால் கண்ணுக்கு முன்னால் தண்ணீர். மனைவி முதல் நாள் அறைக்குள் திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தொழுதார். மூன்றாம் நாள் திரைச்சீலை திறந்திருந்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் பேசவில்லை.

டிசம்பர் 26உம் அந்த ஏழு நாளுக்குள் வந்தது. நேர வித்தியாசம் பத்தரை மணித்தியாலம். நம் ஊரில் அன்று காலை ஒன்பது மணி ஆகும்போது அங்கே 25ஆம் திகதி இரவு பத்தரை. நத்தார் இரவு என்பதால் சதுக்கம் முழுக்க விளக்கு, பிள்ளைகளின் கூச்சல். தம்பி மையவாடியிலிருந்து அழைத்தார். ஒலிபெருக்கியில் போட்டு ஊரில் ஓதிய துஆவைக் கேட்டு ஆமீன் சொன்னோம். ஒரு பக்கம் அந்த இரைச்சல், ஒரு பக்கம் இது. மகள் பேரனை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் பின்னேரம் இறங்குதுறைக்குப் போனோம். அங்கே சாய்ந்துபோன வெளிச்சவீடு ஒன்று நிற்கிறது. பெரிது ஒன்றும் இல்லை, வெள்ளையடித்த சின்னத் தூண். 1967இல் வந்த பியூலா சூறாவளி அடித்துச் சாய்த்ததை நிமிர்த்தவும் இல்லை, இடிக்கவும் இல்லை. பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டிவிட்டு, இதை ஊரின் அடையாளமாக்கிவிட்டார்கள். சட்டையில், கடைப் பலகையில், குப்பைத் தொட்டியில்கூட அந்தச் சரிந்த படம்.

அங்கே வள்ளக்காரர் ஒருவருடன் மருமகன் பேசிக்கொண்டிருந்தார். நம்மவர்களிடம் இருப்பது போன்ற எஞ்சின் பூட்டிய பைபர் வள்ளம். காலையில் மீனுக்குப் போவதும், பிறகு முருகைக்கல் பார்க்க ஆட்களை ஏற்றுவதும் அவர் தொழில். சிங்க இறாலுக்கு மார்ச் முதல் ஜூன் முடியும்வரை தடை, அந்தக் காலத்தில் சுற்றுலாதான் சோறு போடும் என்றார். மனைவி இடையில் புகுந்து கேட்டார்:

"இஞ்சத்த கடல் எழும்பி வாறல்லையா, கேளுங்க மகன்."

வரும் என்றார் அவர். மறைக்கவில்லை. வெளிச்சவீட்டைக் காட்டினார். 2005இல் வில்மா வந்ததைச் சொன்னார். 2020 ஒக்டோபர் 7 அன்று டெல்டா சூறாவளி இந்த ஊருக்குப் பக்கத்திலேயே கரையேறியதைச் சொன்னார். பிறகு கையை நீட்டிக் கடலைக் காட்டினார். கரையிலிருந்து சுமார் அரைக் கிலோமீற்றரில் ஒரு வெள்ளைக் கோடு. அலை அங்கேயே உடைந்துவிடுகிறது. கோட்டுக்கு இந்தப் பக்கம் குளம் மாதிரி. "அதுதான் எங்கட மதில்," என்று மருமகன் மொழிபெயர்த்தார்.

அந்த மதிலைப் பற்றி ஒரு ஆசிரியராகக் கொஞ்சம் சொல்லாமல் விட முடியாது. 1998இல் அதைத் தேசிய பூங்காவாக அறிவித்தார்கள். நல்ல நிலையில் உள்ள முருகைக்கற்பாறை, கரைக்கு வரும் அலையின் சக்தியில் 90 வீதத்துக்கும் மேல் உடைத்துவிடும் என்கிறது விஞ்ஞானம். ஆனால் சூறாவளியில் பாறையும் உடையும். அதனால் 2019இல் அந்த மாநில அரசு அந்தப் பாறைக்குக் காப்புறுதி எடுத்தது. ஆம், வாகனத்துக்கு எடுப்பது போல! காற்றின் வேகம் குறித்த அளவைத் தாண்டினால், சேதத்தை அளந்துகொண்டிருக்காமல் பணம் வந்துவிடும். டெல்டாவுக்குப் பிறகு சுமார் 8 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் கிடைத்தது. முன்கூட்டியே பயிற்சி பெற்ற மீனவர்களும் சுழியோடிகளும் இறங்கி, முறிந்த முருகைத் துண்டுகளைப் பொறுக்கித் திரும்ப ஒட்டினார்கள். எல்லாம் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். 2018 முதல் முருகைக்கு ஒரு நோய் பரவி நிறைய அழிந்துவிட்டது, வெயில் மாதங்களில் பாசி மலைபோல் ஒதுங்குகிறது, ஊரின் ஓரங்களில் மாடிக் கட்டடங்களும் எழும்பத் தொடங்கிவிட்டன. வள்ளக்காரர் அதைச் சொல்லும்போது குரல் மாறியது.

நம் நாட்டுக் கதையும் அப்போது ஞாபகத்துக்கு வந்தது. சுனாமிக்குப் பிறகு 2005இல் வெளியான ஆய்வு ஒன்று: ஹிக்கடுவையில் முருகைக்கல் இருந்த இடத்தில் தண்ணீர் 50 மீற்றர் அளவில் நின்றது. சில கிலோமீற்றர் வடக்கே பெரலியவில், முருகைக்கல் தோண்டப்பட்ட இடத்தில், ஒன்றரைக் கிலோமீற்றர் உள்ளே போனது. ரயில் கவிழ்ந்தது அங்கேதான். எங்கள் ஊர்க் கரை மணல் கரை, நமக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால் நம் கிழக்கிலும் கல்குடாப் பக்கம் முருகைக்கல் வெட்டிச் சுண்ணாம்பு சுட்ட காலம் இருந்தது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள்.

நாளைக்குக் கடல் அமைதியாக இருக்குமா என்று மனைவி கேட்டார். "ஒஹலா," என்றார் வள்ளக்காரர்.

அடுத்த நாள் எங்களில் இருவர், மருமகனும் வாப்பாவும், வள்ளத்தில் போனோம். உயிர்காப்புச் சட்டை கட்டாயம். பூசியிருந்த சன்ஸ்கிறீனைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். எதையும் தொடக்கூடாது. தண்ணீருக்குள் முகத்தை வைத்தபோது ஊதா நிற விசிறிகள் அசைந்துகொண்டிருந்தன, மான்கொம்பு போல் கிளைத்த முருகைகள், கீழே ஒரு திருக்கை. அதை எழுதி விளங்கப்படுத்த எங்களுக்குத் தெரியவில்லை. நாற்பது நிமிடத்தில் திரும்பினோம்.

வள்ளம் கரைக்கு நெருங்கும்போது மருமகன்தான் முதலில் கண்டார். மணலில் செருப்பு இரண்டு சோடி. முழங்கால் அளவு தண்ணீரில் மனைவி, அபாயா இடுப்புவரை நனைந்து, ஒரு கையில் பேரன், மறு கையில் மகள். பேரன் தண்ணீரை அடித்து அடித்துச் சிரிக்கிறான். ரொறன்ரோவில் மாநகர நீச்சல் தடாகத்தில் பழகுகிற பிள்ளை, அவனுக்குப் பயம் இல்லை. மனைவி வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் கிட்டப் போனதும், "உம்மாக்கு யாசீன் ஓதிட்டு நிக்கிறன், பேசாதீங்க," என்றார்.

இப்போது ஊரில் ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். தரம் 9 பிள்ளைகளைப் பாசிக்குடாவுக்குக் கூட்டிப்போய், கண்ணாடி அடித்தள வள்ளத்தில் முருகைக்கல் காட்ட வேண்டும். விஞ்ஞானப் பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்ததை நேரில் பார்க்கட்டும். அதிபர் சம்மதித்துவிட்டார். பெற்றோருக்குக் கடிதம் அனுப்பினோம். வகுப்பில் 34 பிள்ளைகள், இதுவரை 11 கடிதம் கையெழுத்தோடு வந்திருக்கிறது. ஒரு தாய் வீட்டுக்கே வந்து, "டீச்சரும் வாறாவா?" என்று கேட்டார். வருவதாக மனைவி சொன்னதும் பேனையை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மற்றவர்கள் யோசிக்கிறார்கள். யோசிக்கட்டும், மார்ச் வரை நேரம் இருக்கிறது.