வெந்நீரும் வெண்பனியும்

நோசாவா ஓன்செனில் சறுக்கி விளையாடப் போகிறவர்கள், ஊர்க் கட்டுப்பாடுகளையும் மூட்டையில் சேர்த்துக் கட்டிக்கொள்வது நல்லது

விடியற்காலை ஆறு மணி. வெளியே இருட்டு விலகவில்லை. கூரைகளில் இரவெல்லாம் கொட்டிய பனி. மரத்தால் கட்டிய குளியல் கூடத்துக்குள் நான்கைந்து முதியவர்கள், உடம்பில் பொட்டுத் துணியில்லாமல், கழுத்தளவு வெந்நீரில் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். முந்தைய நாள் பனிச்சறுக்கில் உடம்பெல்லாம் வலி கண்ட ஓர் ஆஸ்திரேலிய இளைஞர் உள்ளே வருகிறார். தண்ணீரில் கால் வைத்த வேகத்திலேயே வெளியே எடுக்கிறார். யாரும் சிரிப்பதில்லை. ஒரு பெரியவர் மட்டும் கை நீட்டிப் பச்சைத் தண்ணீர்க் குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறார்.

ஜப்பானின் நாகானோ மாநிலத்தில் இருக்கும் நோசாவா ஓன்சென் கிராமத்தில் குளிர்காலம் முழுக்கக் காணக்கூடிய காட்சி இது. ஓன்சென் என்றால் வெந்நீர் ஊற்று. சுமார் 3,500 பேர் வசிக்கும் இந்த ஊரில் 13 பொதுக் குளியல் கூடங்கள். கட்டணம் கிடையாது. வாசலில் ஓர் உண்டியல் இருக்கும், மனமிருந்தால் போடலாம். கூடங்களைக் கழுவுவது, பழுது பார்ப்பது, செலவைப் பங்கிட்டுக்கொள்வது எல்லாம் அந்தந்தத் தெருக்காரர்கள் முறை வைத்துச் செய்யும் வேலை. அந்தக் குழுவுக்கு 'யுனகாமா' என்று பெயர். ஒரே வெந்நீரில் குளிக்கும் கூட்டாளிகள் என்று சொல்லலாம்.

இந்த ஊரின் பின்பக்க மலைதான் ஜப்பானின் பழம்பெரும் பனிச்சறுக்கு மைதானங்களில் ஒன்று. மலை உச்சி 1,650 மீட்டர். நமது கொடைக்கானலைவிடத் தாழ்வு. ஆனாலும் பனி ஆளை மூழ்கடிக்கும் அளவுக்குக் கொட்டுகிறது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கிளம்பும் உலர்ந்த கடுங்குளிர்க் காற்று, வெதுவெதுப்பான ஜப்பான் கடலைத் தாண்டும்போது ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. கரை ஏறியதும் மலைகள் மறிக்க, சுமையை அங்கேயே இறக்கிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜூன் மாத மழை பெய்கிற அதே கணக்குதான்.

ஜப்பானியருக்குச் சறுக்கக் கற்றுக்கொடுத்தவர் ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவ அதிகாரி தியோடர் ஃபோன் லெர்ஹ். 1911 ஜனவரியில் பக்கத்து நீகாதா மாநிலத்தின் தகாதாவில் சிப்பாய்களுக்கு அவர் எடுத்த பாடம்தான் ஆரம்பம். நோசாவாவில் 1923ல் ஊராரே சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள். 1930ல் ஆஸ்திரிய ஆசான் ஹான்னஸ் ஷ்னைடர் வந்து சறுக்கிக் காட்டினார். இன்றும் ஒரு சரிவுக்கு அவர் பெயர். 1992, 1994 ஒலிம்பிக்குகளில் குழுப் போட்டியில் தங்கம் வென்ற கோனோ தகானோரி இந்த ஊர்ப் பிள்ளை. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் பயத்லான் போட்டி இங்கேதான் நடந்தது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போனவர் ஒரே ஒருவர்: மணாலி பக்கத்து ஷிவ கேசவன், வயது 16, பனித்தடத்தில் மல்லாந்தபடி பாயும் லூஜ் வீரர்.

இப்போது போகிறவர்கள் பலர் குல்மர்க்கிலோ அவுலியிலோ ஒரு முறை விழுந்து எழுந்த அனுபவத்தோடு கிளம்புகிறார்கள். டெல்லி, பெங்களூரிலிருந்து டோக்கியோவுக்கு நேர் விமானம் உண்டு. டோக்கியோவிலிருந்து ஹொகுரிகு புல்லட் ரயிலில் ஈயாமா நிலையம் இரண்டு மணி நேரத்துக்குள். அங்கிருந்து பஸ்ஸில் 25 நிமிடம். ஒரே எச்சரிக்கை: அதே தடத்தில் ஓடும் 'ககயாகி' ஈயாமாவில் நிற்காது. 'ஹகுதாகா'வில் ஏற வேண்டும். வெளிநாட்டவருக்கான ஏழு நாள் ரயில் பாஸை வாங்கிவிட்டால் செலவு மிச்சம் என்ற பழைய யோசனையும் இனிச் செல்லாது. 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோவிலிருந்து ஈயாமாவுக்கு ஒருவழி டிக்கெட் ஏறக்குறைய 9,000 யென்தான். இந்த ஒரு ஊருக்கு மட்டும் போய்த் திரும்புகிறவருக்கு பாஸ் நஷ்டம்.

மலையில் ஒரு நாள் லிப்ட் கட்டணம் 7,000 யென்னுக்கு மேல், சுமார் 4,000 ரூபாய். பலகை, பூட்ஸ், உடுப்பு எல்லாம் ஊரிலேயே வாடகைக்குக் கிடைக்கின்றன. கண்ணாடி, கையுறை, உள்ளே போடும் கம்பளி உடுப்பு சொந்தமாக இருந்தால் போதும். ஒருமுறைப் பயணத்துக்காக ஐம்பதாயிரம் ரூபாய்க்குச் சாமான் வாங்கி, திரும்பியதும் பரணில் ஏற்றுவது வீண்வேலை.

ஸ்கீயா, ஸ்னோபோர்டா? இந்த விவாதம் குடும்பங்களில் விமானம் ஏறும்வரை ஓடும். ஸ்கீயில் இரண்டு கால்களும் தனித்தனி. முதல் நாள் சாயங்காலமே தத்தித் தத்தி இறங்கிவிடலாம், நேர்த்தி வரத்தான் ஆண்டுகள் ஆகும். ஸ்னோபோர்டில் இரண்டு கால்களையும் ஒரே பலகையில் பூட்டிவிடுகிறார்கள். முதல் இரண்டு நாள் பின்புறமும் மணிக்கட்டும் படாத பாடு படும், பிறகு சட்டென்று வசப்படும். மூன்று நாள் மட்டுமே கையில் இருக்கிற நாற்பது வயதுக்காரர் ஸ்கீயோடு நிறுத்திக்கொள்வது விவேகம். கற்றுக்குட்டிகள் அடிவாரத்து ஹிகாகே பகுதியில் ஆங்கிலத்தில் சொல்லித்தரும் ஆசிரியரிடம் தொடங்கலாம். பழகியவர்களுக்கு 2020ல் புதுப்பித்த நாகசாகா கோண்டோலா இருக்கிறது. உச்சியிலிருந்து அடிவாரம்வரை 1,085 மீட்டர் இறக்கம். மிக நீண்ட பாதை 10 கிலோமீட்டர்.

எப்போது போவது? நல்ல பனிக்கு ஜனவரி, பிப்ரவரி. வெயிலும் நெரிசலற்ற சரிவுகளும் வேண்டுமென்றால் மார்ச். கிறிஸ்துமஸ், ஜப்பானியப் புத்தாண்டு, சீனப் புத்தாண்டு வாரங்களில் அறைக்கு அடிதடி.

சைவர்கள் பாடு கொஞ்சம் திண்டாட்டம். காய்கறிக் குழம்பானாலும் சோபா நூடுல்ஸானாலும் அடியில் மீன் சாறு ஒளிந்திருக்கும். 'ஓயாகி' என்ற கொழுக்கட்டை கைகொடுக்கும். உள்ளே பூரணமாக ஊர்ப் பெயரையே சுமக்கும் நோசாவனா கீரையோ பூசணியோ இருக்கும். அதிலும் கேட்டு வாங்குவது உத்தமம். பருப்புப் பொடி எடுத்துப் போகிறவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை.

பணமும் பசியும் சமாளிக்கக்கூடியவை. கயிற்றைத் தாண்டுவது வேறு ரகம். சரிவுகளின் ஓரத்தில் கட்டியிருக்கும் எல்லைக் கயிற்றுக்கு அப்பால் யாரும் தொடாத பனி பளபளக்கும். அதற்காகவே உலகெங்குமிருந்து வருகிறார்கள். அந்த வெள்ளைக்குள் பனிச்சரிவு காத்திருக்கலாம். மரத்தடிகளில் கிளைகள் மறைத்த குழிகள் உண்டு. தலைகீழாக விழுந்தால் பஞ்சு போன்ற பனி மூச்சை அடைத்துவிடும், சில அடி தூரத்தில் போகும் கூட்டாளிக்குச் சத்தம்கூடக் கேட்காது. 2023 ஜனவரியில் இதே நாகானோ மாநிலத்தின் வேறொரு மலையில் பனிச்சரிவில் சிக்கி இறந்த அமெரிக்கர் கைல் ஸ்மெயின், 2015ல் உலக சாம்பியனாக இருந்தவர். அவருக்கே அந்தக் கதியென்றால் அவுலியில் ஒரு வாரம் பழகியவர் எம்மாத்திரம்?

நோசாவா 2010லேயே இதற்குக் கிராமச் சட்டம் போட்டுவிட்டது. எல்லைக்கு வெளியே போய் மாட்டிக்கொள்கிறவரை மீட்கிற செலவு அவர் தலையில். தேடப் போகிறவர்கள் பெரும்பாலும் ஊர்க்காரர்கள். தன் உயிரைப் பணயம் வைத்துப் போகிறார்கள். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பனிச்சறுக்கு பெரும்பாலும் சேராது. கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்தாலும், கயிற்றைத் தாண்டினால் செல்லுமா என்று பொடி எழுத்தில் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

குளியல் கூடத்திலும் இதே கறார். ஆண், பெண் தனித்தனி, நீச்சலுடை கூடாது. தொட்டிக்கு வெளியே உடம்பைக் கழுவிய பிறகே இறங்கலாம். துண்டு தண்ணீரில் படக் கூடாது. சுமார் 90 டிகிரியில் கொதிக்கும் 'ஓகாமா' ஊற்றில் ஊர்ப் பெண்கள் கீரையும் முட்டையும் வேகவைக்கிறார்கள். அது அவர்கள் சமையலறை. விருந்தாளிகள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

இந்த ஏற்பாடு எத்தனை நாளைக்கு என்ற கவலை ஊருக்குள் இருக்கிறது. ஹொக்கைதோவின் நிசெகோவில் வெளிநாட்டு முதலீடு குவிந்து நிலத்தின் விலை எங்கோ போய்விட்டது. நோசாவாவிலும் வாரிசில்லாத பழைய விடுதிகளை வெளியார் வாங்குகிறார்கள். ஊரோடு ஒட்டிக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் குளிர்காலத்தில் மட்டும் திறக்கும் வீட்டிலிருந்து, ஆகஸ்டில் குளியல் கூடம் கழுவ யார் வருவார்கள்?

இப்போதைக்கு ஊர்க்கட்டு உயிரோடு இருப்பதைப் பார்க்க ஜனவரி 15 இரவு போக வேண்டும். தோசோஜின் தீத் திருவிழா. மலையிலிருந்து இறக்கிய பீச் மரங்களால் கட்டிய பெரிய மேடையின் உச்சியில் 42 வயது ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அடியில் 25 வயது இளைஞர்கள் காவல். இரண்டுமே ஜப்பானியருக்குக் கண்டமான வயது. மற்ற ஊரார் தீப்பந்தங்களோடு பாய்ந்து மேடையைக் கொளுத்த வர, இளைஞர்கள் மரக்கிளைகளால் அடித்து அணைப்பார்கள். கடைசியில் எல்லோரும் விலகிக்கொள்ள, மேடை முழுக்க எரிந்து சாம்பலாகும். பொறி பறக்கும் தூரத்தில் நிற்கிறவர்கள் நைலான் ஜாக்கெட்டை விடுதியிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். அந்த இரவுக்கான அறைகள் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடுகின்றன.